நம்பர் சொல்லிட்டுப் போங்க

முதல் நாள் அந்த வீட்டுக்குப் போனபோது கதவைத் திறந்தவர் என்னை உட்காரச் சொல்லவில்லை. தானும் உட்காரவில்லை.

"எங்கேருந்து வர்றீங்க?"

"அடையாறு சார். அங்க ஒரு பேஷண்ட்டைப் பாத்துட்டு வர்றேன்."

"எத்தனை மணிக்குக் கிளம்பினீங்க?"

"ஒன்பதே கால் இருக்கும்."

"வழியில எங்கேயாவது நின்னீங்களா?"

"சார், தோள்பட்டை வலி உங்களுக்கா, எனக்கா?" என்று கேட்டுவிட்டேன். உள்ளே அவர் மனைவி சிரிக்கிற சத்தம் கேட்டது. அவர் சிரிக்கவில்லை. நாள்காட்டியில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் எதையோ குறித்துக்கொண்டார்.

நான் வீடு வீடாகப் போய்ப் பிசியோதெரபி செய்கிறவள். அவருக்கு வலது தோள் இறுகிப் போயிருந்தது. கையை மார்பு உயரத்துக்கு மேல் தூக்க முடியாது. இந்த மாதிரி தோளுக்கு ஒரே வழி, சுவரைப் பார்த்து நின்று விரல்களை நண்டு போல மேலே மேலே நகர்த்த வேண்டும். மற்றவர்கள் பத்து தடவை செய்வதற்குள் "போதுமாம்மா" என்று கெஞ்சுவார்கள். இவர் பிரச்சினை வேறு. சுவருக்கு முன்னால் ஒரு நிமிஷம் நிற்க மாட்டார். அந்த வீடு மந்தைவெளியில் இரண்டாவது மாடி. பால்கனியிலிருந்து பறக்கும் ரயிலின் பாதை தெரியும். வண்டிச் சத்தம் கேட்டால் பாதி உடற்பயிற்சியில் என்னை விட்டுவிட்டு பால்கனிக்குப் போய்விடுவார். கடைசிப் பெட்டி மறைகிறவரை நின்று பார்த்துவிட்டு, முகத்தைச் சுளித்துக்கொண்டு திரும்பி வருவார்.

"என்ன சார், வண்டி நல்லாத்தானே போவுது?"

"தானா விழுற சிக்னல். யாரும் யாரையும் கேக்கறதே இல்லே" என்பார், யாரோ சாப்பாட்டுக்குக் கூப்பிடாமல் போனதுபோல.

அவர் ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர். கடலோரம் போகும் ஒரு கிளைப் பாதையில், நடுவில் இருந்த ஒரு சின்ன ஸ்டேஷனில், மாற்றல் வந்தபோதெல்லாம் எப்படியோ தட்டிக்கழித்துப் பத்தொன்பது வருஷம் இருந்திருக்கிறார். பிறகு அந்தப் பாதையையே மூடிவிட்டார்கள். அகலப் பாதையாக்கித் திறப்போம் என்று சொன்னார்களாம். திறக்கவில்லை. தண்டவாளத்தைக்கூடக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. யார் வெளியே கிளம்பினாலும் ஒரு நம்பர் சொல்லிவிட்டுப் போக வேண்டும். போய்ச் சேர்ந்ததும் போன் செய்து இன்னொரு நம்பர் சொல்ல வேண்டும். இரட்டை இலக்கம், எதுவாக இருந்தாலும் சரி, ஆனால் நேற்றுச் சொன்னது கூடாது. அவர் மனைவி மாட வீதிக்குக் காய்கறி வாங்கப் போகும்போது, செருப்பை மாட்டிக்கொண்டே "பதினெட்டு" என்பார். சாமி பெயரைச் சொல்வது போல அத்தனை இயல்பாக வரும். பாத்திரம் தேய்க்க வருகிற அம்மாதான் விடமாட்டார்.

"இன்னா சார் நீ, மொட்ட மாடில துணி காயப்போடப் போறேன், அதுக்குமா நம்பரு?"

"படியில விழுந்தா யாருக்குத் தெரியும்?"

"எழுபத்தொண்ணு. வெச்சிக்கோ. விழுந்தா இன்னா நம்பரு சொல்றதுன்னும் இப்பவே சொல்லிடு."

நானும் மாட்டிக்கொண்டேன். முதலில் விளையாட்டாகத்தான் சொன்னேன். ஒரு நாள் மறந்துபோய் அடுத்த வீட்டில் வேலையில் இறங்கிவிட்டேன். போனைப் பார்த்தால் பதினான்கு அழைப்புகள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. என்னைப் பெற்றவள்கூட இப்படிக் கேட்டதில்லை. மறுநாள் நேராகவே கேட்டேன், எதற்கு சார் இந்தக் கூத்து என்று.

சுவரில் விரலை நகர்த்திக்கொண்டே சொன்னார். அங்கே ஒற்றைத் தண்டவாளம்தான். வருவதும் போவதும் அதிலேயே. அதனால் வண்டியை அனுப்புவதற்கு முன்னால் அடுத்த ஸ்டேஷனுக்குப் போன் செய்து "அனுப்பலாமா?" என்று கேட்க வேண்டும். பாதை காலியாக இருந்தால் அங்கே இருப்பவர் "அனுப்பு" என்பார். இதற்குப் பெயர் லைன் கிளியர். வெறும் வாய்ப்பேச்சு போதாது. அவரிடம் மட்டும் இருக்கும் ஒரு தாளிலிருந்து ஒரு நம்பரைச் சொல்வார். அதைச் சீட்டில் எழுதி டிரைவர் கையில் கொடுத்தால்தான் வண்டி நகரும். வண்டி போய்ச் சேர்ந்ததும் அவர் கூப்பிட்டு, "வந்தாச்சு" என்று இன்னொரு நம்பர் சொல்வார்.

"அந்த ரெண்டாவது நம்பர் வர்ற வரைக்கும்?"

"வர்ற வரைக்கும் அத்தனை ஜனமும் என் கையில."

அதற்குப் பிறகு நம்பர் சொல்ல மறந்ததில்லை. திட்டிக்கொண்டே சொன்னேன், அவ்வளவுதான்.

அந்தச் சமயத்தில் அவர் அந்த ஸ்டேஷனின் வரலாற்றை எழுதிக்கொண்டிருந்தார். அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தின் பழைய மாணவர்கள் மலர் ஒன்று போடுவதாகவும், ரயில் வந்த கதையை நீங்கள்தான் எழுதித் தர வேண்டும் என்றும் கேட்டிருந்தார்கள். கோடு போட்ட நோட்டில், நின்றுகொண்டே, இடுப்பு உயரக் குளிர்சாதனப் பெட்டியின் மேல் வைத்து எழுதுவார். என்னிடம் படித்துக் காட்டுவார். ஆபீஸ் கடிதம் போலத்தான் இருக்கும். ஆனால் எனக்குப் பிடித்திருந்தது.

"நிலையத்தில் நடைமேடை ஒன்று, கிணறு ஒன்று. கிணற்று நீர் உப்பு. ஆகையால் குடிநீர் காலை வண்டியில் பீப்பாயில் வரும். வண்டி வராத நாளில் ஊழியர்கள் மோர் குடித்தார்கள். அதே வண்டியில் பள்ளி ஆசிரியர்கள் மூவர் வருவார்கள். வண்டி தாமதமானால் பள்ளி மணியும் தாமதமாகும். இது குறித்து மாணவர்களிடமிருந்து புகார் ஏதும் வந்ததில்லை."

உப்பு ஏற்றிய வேகன்கள், கருவாட்டுக் கூடைகளைப் பயணிகள் பெட்டியில் ஏற்றுவது பற்றி நடந்த சண்டை, வெள்ளத்தில் கரை கரைந்து தண்டவாளம் அந்தரத்தில் தொங்கிய ஐப்பசி, எல்லாம் இருந்தது. ஒரு தடவை நடைமேடையிலேயே ஒரு பெண்ணுக்குப் பிரசவம். வண்டியை நிறுத்தி வைத்திருக்கிறார். தாமதத்துக்குக் காரணம் எழுத வேண்டிய இடத்தில் "பயணிகள் எண்ணிக்கையில் ஒன்று கூடியது" என்று எழுதினாராம். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவருக்கு அது ஏன் சிரிப்பு என்று புரியவில்லை.

எல்லாவற்றையும் நான் கைகட்டிக் கேட்டுக்கொண்டிருந்தேன் என்று நினைக்க வேண்டாம். எங்கள் வீடு ஆற்றங்கரையில் இருந்தது. ஒரு காலையில் சாமான்களை லாரியில் ஏற்றச் சொல்லி, ஊருக்கு வெளியே ஒரு அடுக்குமாடியில் எட்டாவது தளத்தில் கொண்டுபோய் இறக்கிவிட்டார்கள். கோபம் வந்தால் எனக்கு அந்த ஆற்றங்கரைத் தமிழ் வந்துவிடும். அன்றைக்கு வந்தது.

"ஒரு ஸ்டேஷன மூடனதுக்கு இவ்ளோ பெரிய நோட்டு. எங்க வூட்டு வரலாற எவன் சார் எழுதிக்கினு கீறான்?"

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "நீங்களே எழுதுங்க டாக்டரம்மா. எல்லாம் வரும். கடைசி நாள் மட்டும்தான் வராது" என்றார்.

அது என்ன என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

சில நாள் கழித்து அவர் ஒரு வேலை சொன்னார். அசோக் நகரில் ஒருவர் பக்கவாதம் வந்து படுத்திருக்கிறார், வலப்பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது, நீங்கள் போய்ப் பார்க்க வேண்டும். பென்ஷன்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் பார்த்தாராம். "ஆனா நான் அனுப்பினேன்னு சொல்லக் கூடாது." யார் என்று கேட்டதற்கு, "அடுத்த ஸ்டேஷன்" என்றார். மனிதரின் பெயரைச் சொல்லவில்லை. பத்தொன்பது வருஷம் தினமும் போனில் நம்பர் கொடுத்த குரல் அது. நேரில் பார்த்தது ஏழெட்டுத் தடவைதானாம்.

வாரம் மூன்று நாள் போனேன். அங்கே போய்ச் சேர்ந்ததும் இவருக்கு நம்பர். மற்ற வீடுகளுக்குப் போனால் "சரி" என்று வைத்துவிடுபவர், அசோக் நகர் என்றால் மட்டும் போனை வைக்க மாட்டார். "கை அசையுதா? சாப்பிடறானா? கண்ணு திறந்து பார்க்கறானா?" என்று துளைப்பார். "ஒரு நடை வந்து பாத்துட்டுப் போங்களேன் சார்" என்றால் உடனே போன் கட்.

ஒரு நாள் அசோக் நகர் போகிற வழியில் தி.நகரில் வண்டியை நிறுத்தி, தங்கைக்கு நைட்டி வாங்க ரங்கநாதன் தெருவுக்குள் போய்விட்டேன். அந்தத் தெருவுக்குள் போனால் நேரம் எங்கே தெரிகிறது? பையில் இருந்த போன் அடித்ததும் கேட்கவில்லை. ஒரு மணி நேரம் கழித்து அசோக் நகர் தெருவில் திரும்பினால், அந்த வீட்டுக்கு எதிர்ப்பக்கம், இஸ்திரி வண்டிக்குப் பக்கத்தில் இவர் நிற்கிறார். வியர்வையில் வேட்டி நனைந்து காலோடு ஒட்டியிருந்தது. ஆட்டோக்காரர் என்னிடம் வந்தார்.

"இன்னாம்மா, உங்களுக்குத் தெரிஞ்சவரா? மந்தைவெளில ஏறினாரு. அர்ஜெண்டு அர்ஜெண்டுன்னு உயிர எட்த்துட்டாரு. இங்க வந்தா உள்ளயும் போமாட்டேன்றாரு, திரும்பவும் ஏறமாட்டேன்றாரு. அந்த வூட்டு கேட்டயே பாத்துக்கினு நிக்கிறாரு."

என்னைப் பார்த்ததும் அவர் முகத்தில் வந்ததை நிம்மதி என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் அது ஒரு விநாடிதான். பார்வை மறுபடி அந்த வீட்டு வாசலுக்குப் போய்விட்டது.

"வந்தது வந்தீங்க, உள்ள வாங்க சார்."

"நம்பர் சொல்லுங்க, நான் போறேன்" என்றார். சொன்னேன். ஆட்டோவில் ஏறிப் போய்விட்டார். அந்த மனிதருக்குப் பயம் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

மறுநாள் தோளை விட்டுவிட்டு அவரைப் பிடித்துக்கொண்டேன். மலர்க்காரர்களும் தினம் போன் செய்து கடைசிப் பக்கம் எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். நோட்டை எடுத்துப் படித்தார். கடைசி நாள். எஞ்சினுக்கு இரண்டு பக்கமும் வாழைமரம் கட்டினார்கள். நாதஸ்வரம் வந்தது. ஊரே நடைமேடையில். போகிற இடம் இல்லாதவர்களும் டிக்கெட் வாங்கி வைத்துக்கொண்டார்கள். டிரைவருக்கு மாலை மேல் மாலை விழுந்து கண்ணே தெரியவில்லை. அதோடு எழுத்து நின்றிருந்தது.

"அப்புறம்?"

"அடுத்த ஸ்டேஷனுக்குப் போன் பண்ணினேன். எடுக்கலே."

விரல் சுவரில் நின்றுவிட்டது.

"அரை மணி நேரம் அடிச்சேன். அங்கேயும் மாலை மரியாதை நடக்குது போலன்னு நினைச்சேன். இந்தப் பக்கம் ஜனம் கத்துது. மேலேருந்து வந்த அதிகாரி கடிகாரத்தைப் பாக்கறார். பாதையில வேற வண்டியே கிடையாது, இதுதான் கடைசி, என்னத்த மோதப் போகுதுன்னார். நம்பர் இல்லாம விட மாட்டேன்னேன். கடிகாரத்தையே பாத்துக்கிட்டு நின்னார்." கையைச் சுவரிலிருந்து எடுத்துவிட்டார். "நாப்பத்தேழுன்னு எழுதினேன். வாய்க்கு வந்த நம்பர். டிரைவர் படிக்கக்கூட இல்லே, பையில வெச்சுக்கிட்டுக் கிளம்பிட்டார்."

"சரி, வண்டி போய்ச் சேந்துச்சில்ல?"

"சேந்திருக்கும். அவன் கூப்பிட்டுச் சொல்லலே. ராத்திரி வரைக்கும் போன் பக்கத்துலயே இருந்தேன். இன்னிக்கு வரைக்கும் அவன் சொல்லலே."

அவனாகச் சொல்லாமல் தானாகப் போய்க் கேட்பது முறையில்லை என்று இத்தனை வருஷம் காத்திருந்திருக்கிறார். இப்போது அவனுக்குப் பேச்சே போய்விட்டது. நோட்டில் 'உரிய அனுமதி பெற்று வண்டி புறப்பட்டது' என்று எழுதினால் அது இரண்டாவது பொய். உண்மையை எழுதினால் அதை மறைத்த அவனும் மாட்டுவானோ என்று இன்னொரு கவலை. ஓய்வுபெற்றவரை யார் சார் என்ன செய்யப் போகிறார்கள் என்று நான் சொன்னது காதில் ஏறவில்லை. "அவன்கிட்ட கேக்காம என்னத்தை எழுதறது?" என்றார். "அப்ப வாங்க, கேக்கலாம்" என்றேன்.

கடைசியில் மலரில் என்ன வந்தது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். "கடைசி வண்டி அடுத்த நிலையத்தின் அனுமதியின்றி அனுப்பப்பட்டது. அனுப்பியவர் நிலைய அதிகாரியாகிய நான்." அதற்குக் கீழே பள்ளியின் கைப்பந்து அணியின் புகைப்படம். படித்தவர்கள் என்ன நினைத்தார்களோ தெரியாது. அதை எழுதுவதற்கு முந்தைய நாள் நடந்தது எனக்கும் அந்த அசோக் நகர்க்காரரின் மனைவிக்கும்தான் தெரியும்.

ஸ்கூட்டியில் பின்னால் உட்கார வைத்து நான்தான் அழைத்துப் போனேன். மயிலாப்பூரில் மெட்ரோவுக்குத் தோண்டிப் போட்டிருந்த பள்ளங்களைச் சுற்றி, தேனாம்பேட்டை வழியாக முக்கால் மணி நேரம். வழி முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. என் பை அவர் மடியில் இருந்தது, அதன் ஜிப்பை மட்டும் திறந்து திறந்து மூடிக்கொண்டு வந்தார்.

கதவைத் திறந்த அம்மா அவரைப் பார்த்ததும் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டார். "வாங்கண்ணே" என்றார். வரவேற்பாகவும் இல்லை, விரட்டுவதாகவும் இல்லை. உள்ளறையில், இடது பக்கம் சுவரோடு ஒட்டிய கட்டிலில் அவர் படுத்திருந்தார். இவரைப் பார்த்தார். தெரிந்துகொண்டார் என்பது எனக்குத் தெரிந்தது. அந்தக் கண்களை நான் மூன்று மாதமாகப் பார்க்கிறேன். அவை எதன்மேலும் அவ்வளவு நேரம் நின்றதில்லை.

"அன்னிக்கு போன் அடிச்சேன்" என்றார் இவர், கட்டிலின் கால்மாட்டில் நின்றபடி. "நீ எடுக்கலே."

பதில் அந்த அம்மாவிடமிருந்து வந்தது.

"அடிச்சுது அண்ணே. இவரு பக்கத்துலதான் உக்காந்திருந்தாரு. குவாட்டர்ஸ்லேருந்து சத்தம் கேட்டு நான் ஓடியாந்தேன். ஏன் எடுக்காம இருக்கீங்கன்னு கேட்டேன். 'நான் நம்பர் கொடுத்தாத்தான் அவன் வண்டிய விடுவான். கொடுக்கலேன்னா விடமாட்டான். செத்தாலும் விடமாட்டான். இன்னிக்கு அங்கேயே நிக்கட்டும், நாளைக்கு ஒரு நாள் ஓடும்ல'ன்னாரு. சின்னப் பிள்ளையாட்டம் சிரிச்சாரு. கொஞ்ச நேரத்துல தூரத்துல வண்டி கூவுச்சு."

அந்த அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"டிரைவரு சீட்டை நீட்டினாரு. இவரு கொடுக்காத நம்பரு அதுல இருந்துச்சு. மேல எழுதிப் போட்டிருந்தா உங்க வேலை போயிருக்கும். எழுதலே. சீட்டைக் கிழிச்சு அடுப்புல போட்டாரு. அதுக்கப்புறம் உங்க பேச்சையே எடுத்ததில்லே."

எனக்கு இவரைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. பல வருஷமாக ஒரு விதியை மீறிவிட்டோம் என்று வருந்திக்கொண்டிருந்தவருக்கு, மீறியது விதியை அல்ல என்று இப்போதுதான் தெரிகிறது. அழுதுவிடுவார் என்று நினைத்தேன். அழவில்லை.

"எனக்குத் தெரியாதுய்யா" என்றார். "தெரிஞ்சிருந்தா நிறுத்தியிருப்பேன்." கட்டிலின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். பிறகு, "நிறுத்தியிருப்பேனான்னும் தெரியலே" என்றார்.

படுத்திருந்தவரின் இடது கை அசைந்தது. மூன்று மாதமாக நான் அவருக்கு ஒன்றைச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். நல்ல கையால் விழுந்த கையைப் பிடித்து, விரல்களைக் கோத்து, இரண்டையும் தூக்கி ஒரு வீச்சு. அந்த வேகத்திலேயே உடம்பை இடப்பக்கம் புரட்ட வேண்டும். தானாகப் புரண்டு படுத்தால்தான் முதுகில் புண் வராது, பிறகுதான் எழுந்து உட்காருவது. கெஞ்சியிருக்கிறேன், அதட்டியிருக்கிறேன். ஒரு நாளும் செய்ததில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பார்.

இப்போது அவர் வலது கையைத் தேடிப் பிடித்தார். விரல்களைக் கோத்தார். இரண்டு கைகளையும் தூக்கினார். முதல் வீச்சு போதவில்லை. மூச்சு வாங்கியது. நான் உதவிக்கு ஓடப் போனேன். அந்த அம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினார். இரண்டாவது வீச்சில் தோள் திரும்பியது, பிறகு இடுப்பு, கடைசியாக அந்த விழுந்த காலும் இழுபட்டுக்கொண்டு வந்தது. சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டார். எங்களுக்கு அவருடைய முதுகு மட்டும் தெரிந்தது.

எனக்குக் கைதட்ட வேண்டும் போலவும் இருந்தது, அந்த இடத்தை விட்டு ஓடிவிட வேண்டும் போலவும் இருந்தது. இவர் அந்த முதுகைப் பார்த்துக் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு அந்த அம்மாவைக் கும்பிட்டுவிட்டு வெளியே நடந்தார்.

படியில் இறங்கும்போது கேட்டார்.

"தானாத்தானே திரும்பினான்?"

"ஆமா சார்."

"இதுக்கு முன்னாடி திரும்பினதில்லே?"

"இல்ல சார். இதான் மொத தடவ."

"அது உடம்புக்கு நல்லதா?"

"ரொம்ப நல்லது சார். தினமும் இப்டி நாலு தடவ திரும்பினாருன்னா, ரெண்டு மாசத்துல உக்கார வெச்சிடலாம்."

கடைசிப் படியில் நின்று யோசித்தார்.

"அப்ப நாளைக்கும் வரேன்" என்றார்.